வாசகர் கேள்வி பதில்: மின்மடலுக்கு மறுமொழி வர என்ன வழி?

மலேசியாவில் சொந்தமாக மின்மடல் (வாசகர்களுக்கு மின்னஞ்சலில் தவறாமல் போகும் செய்திமடல்) நடத்துவோரிடமிருந்து இந்த மாதம் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, ஊர் பெயரை மட்டும் போட்டு வெளியிடுகிறோம்.

கேள்வி: தோட்ட வாழ்க்கை வரலாறு பற்றி வாரம் ஒரு மின்மடல் அனுப்புகிறேன். 640 பேர் பெறுகிறார்கள். 58 விழுக்காட்டினர் திறந்து பார்ப்பதாகக் கணக்கு காட்டுகிறது. ஆனால் ஒருவர்கூடப் பதில் எழுதுவதில்லை. படிக்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை. (பிரிக்பீல்ட்ஸ்)

அந்த 58ஐ முதலில் மறந்துவிடுங்கள். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் இருக்கும். அது இறங்கினால் ‘திறந்தார்’ என்று கணக்கு ஏறும். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு பாதுகாப்பு வசதியைச் சேர்த்தது. அதை இயக்கி வைத்திருப்பவருக்கு வரும் மடல்களின் படங்களை ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடும். வாசகர் மடலைத் தொடவே இல்லை என்றாலும் திறந்ததாகப் பதிவாகும். படங்களை முடக்கி வைத்துக்கொண்டு வரி விடாமல் படிப்பவரோ கணக்கில் வரவே மாட்டார். நம்பத் தகுந்தவை மூன்றுதான்: இணைப்பைச் சொடுக்கியவர், பதில் எழுதியவர், ‘இன்னார் அனுப்பினார், நானும் சேர்ந்தேன்’ என்று வந்தவர்.

பதில் ஏன் வரவில்லை என்பதற்கு முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். நண்பர் ஒருவருடைய கைப்பேசியில் உங்கள் மடலைத் திறந்து, பதில் பொத்தானை அழுத்தி ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். அது உங்களுக்கு வந்து சேர்கிறதா? சொந்த இணையப் பெயரில் மடல் அனுப்புவோர் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மடல் அனுப்பும் சேவை அனுப்புவதோடு சரி. பதிலைப் பெறுவதற்கு அந்த முகவரியில் தனியாக ஓர் அஞ்சல் பெட்டி திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் வாசகர் எழுதியது ‘சேரவில்லை’ என்று அவருக்கே திரும்பிப் போகும். ஒருமுறை அப்படித் திரும்பினால் மறுமுறை எழுதமாட்டார். ‘இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ வகை முகவரி என்றால் கேட்கவே வேண்டாம், இன்றே மாற்றுங்கள்.

குழாய் அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு கேள்விக்கு வருவோம். மடலின் அடியில் ‘உங்கள் கருத்துகளை வரவேற்கிறோம்’ என்று போடுவது மரியாதைதான், ஆனால் அது கேள்வி இல்லை. ‘தோட்ட வாழ்க்கை பற்றிய உங்கள் நினைவுகளை எழுதுங்கள்’ என்பது கேள்வியாக இருந்தாலும் மலை போன்றது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதலாம் என்று வாசகர் ஒத்திப்போடுவார், அந்த ஞாயிறு வராது. ‘உங்கள் தோட்டத்தில் பெரட்டுக்கு எதை அடித்துக் கூப்பிட்டார்கள்: தப்பா, மணியா, தண்டவாளத் துண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். (பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடுவது; தப்பு ஒரு வகைப் பறை.) ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு யாரும் நிறுத்தமாட்டார்கள்.

நல்ல கேள்விக்கு நாங்கள் பார்க்கும் அளவுகோல் இவை. நின்றபடியே, ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். அவருக்குத் தெரிந்தது, உங்களுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். தவறான பதில் என்று ஒன்று இருக்கக் கூடாது. தேர்வு எழுத யாரும் வரவில்லை. ஒரு மடலுக்கு ஒரு கேள்விதான். மூன்று கேட்டால் எதற்குச் சொல்வது என்ற குழப்பத்தில் ஒன்றுக்கும் சொல்லமாட்டார்கள். அதை அடிக்குறிப்பு, சமூக ஊடகச் சின்னங்களுக்கெல்லாம் கீழே புதைக்காமல், கட்டுரை முடிந்தவுடன் தனிப் பத்தியாகப் போடுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு தடை இருக்கிறது. தமிழை நன்றாகப் படிக்கும் பலருக்குத் தமிழில் தட்டச்சு செய்வது பழக்கமில்லை. உங்கள் மடல் நல்ல தமிழில் இருப்பதாலேயே ‘நாம் தப்பும் தவறுமாக எழுதினால் நன்றாக இருக்காது’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகவே கேள்விக்குக் கீழே வெளிப்படையாகவே எழுதுங்கள்: ‘ரோமன் எழுத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம், குரல் பதிவு, எப்படி வந்தாலும் சரி.’ இந்த ஒரு வரிக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு.

முதல் பதில்கள் தானாக வராது, ஊன்ற வேண்டும். கடந்த மூன்று மாதங்களில் இணைப்புகளை அதிகம் சொடுக்கியவர்கள் 15 பேரைத் தேர்ந்தெடுங்கள். நாளுக்கு மூன்று பேர் வீதம், உங்கள் சாதாரண மின்னஞ்சலிலிருந்து, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். ஐந்து வரி போதும். ஒரே மடலை 15 பேருக்கும் நகலெடுத்து அனுப்பினால் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

பதில் வந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் மறுமொழி போக வேண்டும். ‘நன்றி, மகிழ்ச்சி’ என்று முடித்தால் உரையாடல் அங்கேயே படுத்துவிடும். அவர் எழுதியதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்த்து, இன்னொன்றைக் கேளுங்கள். இப்படி:

‘வணக்கம்மா. காப்பார் பக்கத் தோட்டத்தில் தப்பு அடித்துப் பெரட்டுக்குக் கூப்பிட்டதாக எழுதியிருந்தீர்கள். மற்றவர்கள் பெரும்பாலும் மணி என்றுதான் சொன்னார்கள். தப்பு அடித்தவருக்குத் தோட்டத்துச் சம்பளம் இருந்ததா, இல்லை கோயில் வேலையோடு சேர்த்துச் செய்தாரா? உங்கள் பதிலை ஊர் பெயர் மட்டும் போட்டு அடுத்த மடலில் வெளியிடலாமா?’

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கேட்காமல் வெளியிட்டால் ஒருவர் கோபிப்பார். மற்றவர்கள் சத்தமில்லாமல் எழுதுவதை நிறுத்திக்கொள்வார்கள். அனுமதி கிடைத்ததும் அடுத்த மடலின் தொடக்கத்திலேயே மூன்று நான்கு பதில்களைப் போடுங்கள். தன் ஊர் பெயரை அங்கே பார்த்தவர் மீண்டும் எழுதுவார்; பார்க்காதவர், ‘எங்கள் ஊரை விட்டுவிட்டீர்களே’ என்று எழுதுவார். 640 பேர் உள்ள பட்டியலில் வாரத்துக்கு ஐந்தாறு பதில் வந்தாலே மடல் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம்.

கேள்வி: ஒவ்வொரு மடலையும் வாசகர் பெயர் சொல்லித் தொடங்குகிறேன். ஆனால் ஒருவர், ‘என்னை எஸ் என்று கூப்பிடுகிறீர்களே’ என்று கிண்டல் செய்து எழுதிவிட்டார். என்ன கோளாறு? (கிள்ளான்)

பதிவுப் படிவத்தில் ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அது மேலைநாட்டுப் பெயருக்குத் தைத்த சட்டை. நம்மவர்கள் முதல் கட்டத்தில் தலைப்பெழுத்தைப் போடுவார்கள், அல்லது அடையாள அட்டையில் உள்ளபடி ‘ஏ/எல்’ (இன்னார் மகன்), ‘ஏ/பி’ (இன்னார் மகள்) சேர்த்துப் போடுவார்கள். இயந்திரம் அதையே எடுத்து ‘அன்புள்ள எஸ்’ என்று அடிக்கிறது. இரண்டு கட்டங்களையும் நீக்கிவிட்டு ‘உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று ஒரே கட்டம் வையுங்கள். பழைய பட்டியலை உட்கார்ந்து கையால் திருத்துங்கள். சில நூறு பெயர் என்றால் ஒரு மாலை வேலை. அதற்குப் பொறுமை இல்லை என்றால் ‘வணக்கம்’ போதும். பெயரே இல்லாத மடல் யாரையும் புண்படுத்தியதில்லை.

கேள்வி: தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்காக மாதம் ஒரு மின்மடல் அனுப்புகிறேன். ஜிமெயிலில் பாதியிலேயே வெட்டப்பட்டு, ‘முழு மடலையும் பார்க்க’ என்று வருகிறதாம். ஆங்கிலத்தில் இதே நீளத்துக்கு எழுதும் தோழிக்கு அப்படி ஆவதில்லை. (பட்டர்வொர்த்)

தோழிக்கு ஆகாது, உங்களுக்கு ஆகும். ஜிமெயில் ஒரு மடலின் நிரல்வரி 102 கிலோபைட்டைத் தாண்டினால் மிச்சத்தை மறைத்துவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். யூனிகோடு தமிழிலோ ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘கு’ என்பது நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு அது ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக 6 பைட். சில பழைய மடல் கருவிகள் தமிழ்க் குறிகளை எண் வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். அப்போது குறி ஒன்றுக்கு 7 பைட் ஆகிவிடும்.

வெட்டு விழுவதில் பெரிய நட்டம் என்ன தெரியுமா? வாசகரிடம் கேட்ட கேள்வி, விலகும் இணைப்பு, திறந்ததைக் கணக்கிடும் படம் எல்லாமே அடியில்தான் இருக்கின்றன. அத்தனையும் மறைந்துபோகும். விலகும் வழி தெரியாதவர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார்.

செய்ய வேண்டியவை: மடலை 1,200 சொல்லுக்குள் முடியுங்கள், குறிக்கு 7 பைட் எடுக்கும் கருவியிலும் அது ஏறத்தாழ எல்லைக்குள் அடங்கும். வேர்டிலிருந்து நேராக ஒட்டாதீர்கள், ஒவ்வொரு பத்தியோடும் எழுத்துரு, நிறம், இடைவெளி என்று குப்பை கூடவே வரும். ‘வெறும் உரையாக ஒட்டு’ என்பதைப் பயன்படுத்துங்கள். இணைப்புகளைக் குறையுங்கள், ஏனென்றால் கண்காணிப்புக்காகச் சேவை நிறுவனம் ஒவ்வொரு இணைப்பையும் நீளமான முகவரியாக மாற்றுகிறது. அனுப்புவதற்கு முன் ஜிமெயில் முகவரி ஒன்றுக்குச் சோதனை மடல் அனுப்பி, கைப்பேசியில் கடைசி வரி வரை தள்ளிப் பாருங்கள்.

சிலர் இதற்குப் பயந்து முழு மடலையும் சுவரொட்டி போல ஒரே படமாக்கி அனுப்புகிறார்கள். வேண்டாம். படம் முடக்கியிருந்தால் வெற்றுக் கட்டம்தான் தெரியும். எழுத்தைப் பெரிதாக்க முடியாது. பின்னால் தேடினாலும் கிடைக்காது. எழுத்தாகவே வையுங்கள், அளவு 17 அல்லது 18 பிக்சல், வரி இடைவெளி 1.6. தமிழில் மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி நமக்குப் போதாது. தலைப்பு வரியிலும் இதே கதைதான்: கைப்பேசித் திரையில் முதல் மூன்று நான்கு சொற்களே தெரியும். ‘எங்கள் பள்ளியின் மாதாந்திர மின்மடல்’ என்று தொடங்கினால் சொல்ல வந்த செய்தி வெளியே நின்றுவிடும். ‘ஒன்றாம் ஆண்டுப் பதிவு: கடைசி நாள்’ என்று தொடங்குங்கள்.

கேள்வி: வாசகர்கள் எல்லாம் ‘புலனத்தில் (வாட்ஸ்அப்) குழு ஆரம்பியுங்கள், அங்கேயே பேசலாம்’ என்கிறார்கள். மின்னஞ்சலை விட்டுவிடலாமா? (செந்தூல்)

விடாதீர்கள். குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் வாசகர்களுக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து தனிச் செய்தி வரத் தொடங்கும். அவர்கள் உங்களிடம் புகார் சொல்லமாட்டார்கள், வெளியேறிவிடுவார்கள். மூன்றாவது வாரத்தில் காலை வணக்கப் படங்களும், நான்காவது வாரத்தில் மூலிகை மருத்துவமும், தேர்தல் வந்தால் சண்டையும் வந்து சேரும். ஒலிபரப்புப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. பட்டியல் ஒன்றுக்கு 256 பேர். ஆனால் உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். சேமிக்காதவருக்குப் போகவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியாது. சேனல் அறிவிப்புக்கு நல்லது, உரையாடலுக்கு ஆகாது.

எங்கள் யோசனை: மடல் மின்னஞ்சலில் போகட்டும், பதில் மட்டும் புலனத்தில் வரட்டும். இதற்கென்று தனி எண் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் போடுங்கள். மடலின் கேள்விக்குக் கீழே, அழுத்தினால் உங்களோடு உரையாடல் திறக்கும் இணைப்பை வையுங்கள். அந்த இணைப்பில் எண்ணை 60இல் தொடங்கி, முன்னால் இருக்கும் 0வை விட்டுவிட்டு, கூட்டல் குறியோ கோடோ இல்லாமல் எழுத வேண்டும். பலர் 012 என்று அப்படியே போட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். ‘பெரட்டு பற்றி:’ என்பது போல முதல் சொல்லை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். எந்த மடலுக்கான பதில் என்று பின்னால் தேட வேண்டியிருக்காது.

குரல் பதிவுகள் குவியும், அதற்குத் தயாராக இருங்கள். வயதானவர்கள் மூன்று நிமிடம் பேசுவார்கள்; அதில் இரண்டாவது நிமிடத்துக்கு மேல்தான் விஷயம் வரும். முழுவதும் கேட்டதற்கு அடையாளமாக அந்தப் பிற்பகுதியிலிருந்து ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பதில் அனுப்புங்கள். இரவு 10க்குமேல் ‘நாளை பார்க்கிறேன்’ என்ற தானியங்கிப் பதிலைப் போட்டு வைப்பது உங்கள் தூக்கத்துக்கு நல்லது.

கேள்வி: நெருக்கத்தை வளர்க்க வாரம் இருமுறை அனுப்பலாமா? எந்த நாள் நல்லது? (ஈப்போ)

வரும் பதில்களுக்கெல்லாம் இப்போது மறுமொழி எழுதி முடிக்கிறீர்களா? இல்லையென்றால் கூட்டாதீர்கள். நாளைப் பொறுத்தவரை, ஞாயிறு காலை பசியாறல் முடிந்து தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பைப் பிரிக்கும் பழக்கம் நம் வீடுகளில் பல தலைமுறையாக உண்டு. அந்த நேரத்தோடு போட்டி போடாமல் அதில் ஒட்டிக்கொள்ளுங்கள். எந்த நாளாக இருந்தாலும் மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

கேள்வி: எந்த வாசகர் என்ன எழுதினார் என்பதை அட்டவணையில் குறித்து வைக்கிறேன். இதில் சட்டச் சிக்கல் உண்டா? (பெட்டாலிங் ஜெயா)

குறித்து வைப்பது நல்ல பழக்கம். ஆறு மாதம் கழித்து, ‘உங்கள் அப்பா கங்காணியாக இருந்ததாகச் சொன்னீர்களே’ என்று நீங்கள் எழுதும்போது கிடைக்கும் நெருக்கத்தை வேறு எந்த உத்தியும் தராது. ஐந்து பத்திகள் போதும்: அழைக்கும் பெயர், ஊர், எப்படிச் சேர்ந்தார், என்ன எழுதினார், கடைசியாக எப்போது பதில் போட்டீர்கள்.

சட்டத்துக்கு வருவோம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. அது வணிகப் பரிமாற்றங்களுக்கானது. சந்தா, விளம்பரம், புத்தக விற்பனை என்று பணம் நுழைந்துவிட்டால் அது உங்களையும் தொடும் என்று எண்ணிச் செயல்படுவதே புத்தி. என்ன தகவலை எதற்காகச் சேகரிக்கிறீர்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டால் போதாது. விளம்பர மடல் வேண்டாம் என்று ஒருவர் எழுத்தில் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். 2024இல் திருத்தம் வந்து, 2025 ஜூன் 1 முதல் தகவல் கசிவை ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமையும் சேர்ந்திருக்கிறது.

உடல்நலம், சமய நம்பிக்கை, அரசியல் கருத்து ஆகியவை சட்டத்தின் கண்ணில் நுண்ணுணர்வுத் தகவல்கள். வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். ‘இவருக்குச் சிறுநீரகக் கோளாறு’ என்று அட்டவணையில் எழுதாதீர்கள், மனத்தில் வைத்துக்கொண்டு நலம் விசாரியுங்கள். படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் வழக்கம் நம்மிடம் எங்கும் இருக்கிறது. மின்மடலுக்கு அது எதற்கு? அட்டவணையைப் பலர் திறக்கும் பொதுக் கணினியிலும் வைக்க வேண்டாம்.

கேள்வி: ஓராண்டாக எந்த அசைவும் காட்டாதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்க மனம் வரவில்லை. எண்ணிக்கை குறைந்துவிடுமே? (சிரம்பான்)

குறையட்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மடல் அனுப்புவோருக்கான விதிகளை இறுக்கியுள்ளன. நாளொன்றுக்கு 5,000 மடலுக்குமேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மடல் உண்மையிலேயே உங்கள் இணையப் பெயரிலிருந்துதான் வருகிறது என்று சரிபார்க்க உதவும் அமைப்புகள்) மூன்றும் கட்டாயம். ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். விலகல் கோரிக்கையை இரண்டு நாளில் நிறைவேற்ற வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது, 0.1க்குக் கீழ் இருப்பது நல்லது. நீங்கள் அந்த அளவுக்குப் பெரியவர் இல்லை என்றாலும் கணக்கைப் பாருங்கள்: 640 ஜிமெயில் வாசகர்களில் இரண்டே பேர் ஸ்பேம் என்று அழுத்தினால் 0.31 விழுக்காடு. ஆர்வமில்லாத இருவரை வைத்துக்கொண்டிருப்பதால் ஆர்வமுள்ள மற்றவர்களின் மடலும் ஸ்பேம் பெட்டிக்குப் போகக்கூடும்.

ஆனால் இயந்திரத்திடம் விட்டுவிடாதீர்கள். ஆறு மாதமாக எதையும் சொடுக்காதவர்களைப் பிரித்தெடுத்து, படம் எதுவும் இல்லாமல் மூன்று வரியில் ஒரு மடல்: ‘இன்னும் அனுப்பட்டுமா? ஆம் என்றால் இதை அழுத்துங்கள்.’ இரண்டு வாரம் பொறுங்கள், பிறகு நீக்குங்கள். ஒருமுறையாவது உங்களுக்குக் கைப்பட எழுதியவர்களை மட்டும் தனியே வைத்து, ஒவ்வொருவருக்கும் நலம் கேட்டு எழுதுங்கள். வயதான வாசகர்கள் விஷயத்தில் பதில் பிள்ளைகளிடமிருந்து வருவதுண்டு, அப்பா தவறிவிட்டார் என்று. அந்த முகவரியை அன்றே நிறுத்துங்கள். காரியம் நடக்கும் வீட்டுக்கு வழக்கமான மடல் போய்ச் சேரக் கூடாது.

கேள்வி: ஜார்ஜ்டவுன் தமிழர் கடைகள், கோயில்கள் பற்றி மடல் நடத்துகிறேன். வாசகர்களை நேரில் சந்திக்க விருப்பம். மண்டபம் எடுக்கலாமா? (பினாங்கு)

மண்டபம் எடுத்தால் தலைமையுரை வரும், சிறப்புரை வரும், பொன்னாடை வரும். வாசகர் பேசுவதற்கு இடமே இருக்காது. உங்கள் பொருளுக்கு நடைதான் பொருத்தம். 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில், மார்க்கெட் ஸ்திரீட் கடைகள் எல்லாமே சில நிமிட நடைக்குள் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம் வாசகரும் இந்து வாசகரும் ஒரே நடையில் தங்கள் கதையைச் சொல்ல இந்த ஊரில் இதைவிட நல்ல தடம் இல்லை.

சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கி 9.30க்கு முடியுங்கள், வெயில் ஏறிவிடும். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருவோருக்காகப் பத்து நிமிடம் சேர்த்துக் காத்திருங்கள். 12 பேருக்குமேல் வேண்டாம். அதற்குமேல் போனால் பின்னால் வருபவருக்கு முன்னால் பேசுவது கேட்காது, சாலையிலும் இடைஞ்சல். வருகிறேன் என்று சொல்பவர்களில் சிலர் கடைசி நேரத்தில் வரமாட்டார்கள், ஆகவே 16 பெயர் வரை எழுதிக்கொள்ளலாம். முதல் நாள் மாலை ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தி அனுப்பி உறுதி கேளுங்கள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் உரிய உடையை அதிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளிவாசலுக்குள் செல்வதற்கு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் வழிகாட்டி ஆகிவிடாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிமிடம் பேசிவிட்டு, ‘இங்கே உங்களுக்குத் தெரிந்த கடை எது?’ என்று கேளுங்கள். முடிந்ததும் தேநீர்க் கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். விஷயம் அங்கேதான் வெளிவரும். படம் எடுக்கலாமா என்று கேட்டு எடுங்கள். வர முடியாத வாசகர்களுக்காக, வந்தவர்கள் சொன்னதை அடுத்த மடலில் எழுதுங்கள்; நடைக்கு வந்தவர்களைத் தனிச் சாதியாக்கிவிடக் கூடாது.

கேள்வி: சில வாசகர்கள் தாங்களாகவே பணம் தர முன்வருகிறார்கள். வாங்கலாமா? (ஷா ஆலம்)

வாங்கலாம். சப்ஸ்டேக் போன்ற தளம் சந்தாவில் 10 விழுக்காடும், அதற்குமேல் கட்டண நிறுவனத்தின் பங்கும் எடுத்துக்கொள்ளும். கணக்கு வழக்கு தானாக நடக்கும். நம் வாசகர்களுக்குக் கடன் அட்டை எண்ணைத் தட்டுவதைவிட டியூட்நவ் கியூஆர் (வங்கிச் செயலியில் வருடிப் பணம் அனுப்பும் குறி) எளிது. அதில் ஒரு சிக்கல்: பணம் அனுப்பியவரின் வங்கிப் பெயர் வரும், மின்னஞ்சல் முகவரி வராது. குறிப்புக் கட்டத்தில் கைப்பேசி எண்ணின் கடைசி 4 இலக்கங்களைப் போடச் சொல்லுங்கள், யாருக்கு நன்றி சொல்வது என்று திண்டாட வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கேட்டால் போதும். பணம் கொடுத்தவருக்கு மட்டுமே பதில் எழுதுவது என்ற ஏற்பாடு மட்டும் வேண்டாம். தோட்டத்துப் பாட்டியின் குரல் பதிவு எந்தச் சந்தாவிலும் வராது.

கேள்வி: ஒருவர் ஒவ்வொரு மடலுக்கும் ஒற்றுப்பிழைப் பட்டியல் அனுப்புகிறார். இன்னொருவர் தினமும் கவிதை அனுப்புகிறார். இருவரையும் எப்படிச் சமாளிப்பது? (சுங்கை பட்டாணி)

முதலாமவரை இழந்துவிடாதீர்கள். எல்லா மடலையும் கடைசி வரி வரை படிப்பவர் அவர் ஒருவர்தான் என்பதற்கு அவரே சான்று தருகிறார். தகவல் பிழையைச் சுட்டினால், அடுத்த மடலில் சரியானதைப் போட்டு அவர் ஊரைக் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள். ஒற்றுப்பிழைக்கு அப்படி அறிவிப்பு தேவையில்லை. சனிக்கிழமை அனுப்புவதற்கு முன் வெள்ளிக்கிழமையே அவருக்கு ஒரு படி அனுப்பி, ‘மாலைக்குள் பார்த்துத் தர முடியுமா ஐயா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

இந்த நாட்டில் வாசகரை எழுத்தாளராக்கும் வேலை புதிதில்லை. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் நாளிதழ் நடத்திய கதை வகுப்பு, கதை எழுதக் கற்றுக்கொடுத்து, வாசகர் அனுப்பியதைப் பார்த்துத் தரம் பிரித்தது. பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர்கள் சிலர் அதன் வழியாக வந்தவர்கள். உங்கள் கவிஞருக்கும் அப்படி ஒரு வரம்பும் வேலையும் கொடுங்கள். மாதத்தின் முதல் மடலில் ஒரு கவிதைக்கு இடம், 12 வரிக்குள், தலைப்பு நீங்கள் கொடுப்பது, 20ஆம் தேதிக்குள் வர வேண்டும். மற்ற வாசகர்களுக்கும் அதே அழைப்பை விடுங்கள். தினமும் வருவதற்குத் தினமும் பதில் எழுதாமல், வாரத்துக்கு ஒருமுறை சேர்த்து எழுதுங்கள். அதற்கேற்ப அவரும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். பிறகும் நள்ளிரவில் செய்தி வந்துகொண்டே இருந்தால், ‘வெள்ளிக்கிழமைகளில்தான் பார்க்கிறேன், அண்ணே’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, சொன்னபடி வெள்ளிக்கிழமை மட்டும் பாருங்கள்.